கடற்கரை ஹோட்டலில் நண்டு ஏன் கூழாக வந்தது? தேவகோட்டை வாசகிக்குப் பதில்

கேள்வி: மே மாதம் இரண்டாவது ஞாயிறு, அப்பச்சி, ஆத்தா, சின்னாத்தா, பிள்ளைகள் எல்லாருமாகப் பதினோரு பேர் தேவகோட்டையிலிருந்து கிளம்பி, தொண்டிப் பக்கம் கடற்கரையை ஒட்டி இருக்கும் ஒரு ஹோட்டலுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். ஒன்றரை மணிக்கு உட்கார்ந்து வஞ்சிரம் வறுவல், கானாங்கெளுத்தி வறுவல், ‘செட்டிநாடு நண்டு மசாலா’, கணவாய் ரோஸ்ட், இறால் தொக்கு, மீன் குழம்புச் சாப்பாடு என்று ஒன்பது வகை சொன்னோம். ஐம்பது நிமிடம் கழித்துச் சோறும் நமுத்துப்போன அப்பளமும் மட்டும் வந்தன. வறுவல் வந்தபோது சோறு ஆறிவிட்டது. வஞ்சிரம் மேலே கருகி, உள்ளே மரத்தூள் மாதிரி இருந்தது. நண்டை உடைத்தால் சதை கூழாக வழிந்தது, ஒரு வாடையும் அடித்தது. கணவாய் ரப்பர். சப்ளையரிடம் சொன்னோம், “எல்லாரும் சாப்பிடுறாங்களே” என்று போய்விட்டார். சாப்பாட்டுக்கு 6,000 ரூபாய், அதற்கு மேல் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ், 20 ரூபாய் தண்ணீர் பாட்டில் 40 ரூபாய். வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே சின்னாத்தாவுக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தது; இரவுக்குள் அடங்கிவிட்டது. எங்கே புகார் செய்வது? இதைவிடக் கவலை, ஆவணியில் அப்பச்சியின் அறுபதாம் கல்யாணத்துக்கு வரும் உறவினர்கள் முப்பது பேரை அதே ஹோட்டலுக்கு அழைத்துப்போவதாக 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டோம். என்ன செய்யலாம்?

பதில்: ஆச்சிக்கு வணக்கம். முதலில் சின்னாத்தா விஷயத்தைப் பார்ப்போம். பில்லும் புகாரும் பிறகு.

முகம் சிவந்து, அரிப்பெடுத்து, சில மணி நேரத்தில் அடங்கியதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, நண்டு அல்லது இறால் ஒவ்வாமை. அது எந்த வயதிலும் புதிதாக வரலாம். இன்னொன்று பலருக்குத் தெரியாதது. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற கருஞ்சதை மீன்களைப் பிடித்ததும் ஐஸில் வைக்காமல் வெயிலில் விட்டால், அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. கிருமிகளால் உண்டாகும் பொருள்தான் அது. ஆனால் கிருமியைக் கொல்லும் சூடு அதை ஒன்றும் செய்யாது. வறுத்தாலும் போகாது, குழம்பில் கொதித்தாலும் போகாது, பிறகு ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. மீனில் கெட்ட வாடை இல்லாமலும் இருக்கலாம். சில நேரம் நாக்கில் மிளகுக் காரம் போலச் சுருக்கென்று தெரியும். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவப்பு, தலைவலி, அரிப்பு, படபடப்பு வரும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கும்.

கானாங்கெளுத்தியை அன்று வேறு யார் சாப்பிட்டார்கள், அவர்களுக்கும் ஏதாவது செய்ததா என்று விசாரித்துப் பாருங்கள். பலருக்கு வந்திருந்தால் மீன்மேல் சந்தேகம் கூடும். சின்னாத்தாவுக்கு மட்டும் என்றால் ஒவ்வாமையை ஒதுக்க முடியாது. எதுவானாலும் முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடத்தில் அரிப்பு வந்தது என்று எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அதுவரை நண்டு, இறால் வேண்டாம். இன்னொரு முறை உதடு, தொண்டை வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழைத்துவிடுங்கள்.

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். கடல் பத்தடியில் இருக்கிறது, ஆகவே மீன் இப்போதுதான் வந்திருக்கும் என்று நம்பித்தான் எல்லாரும் கடற்கரை ஹோட்டலுக்குப் போகிறோம். நீங்கள் போன தேதியைப் பாருங்கள். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குள் போகாது. நாட்டுப்படகுகள் போகும், அவை கொண்டுவருவது குறைவு, விலையும் அதிகம். அந்த இரண்டு மாதமும் ஹோட்டல்களில் வெட்டப்படும் பெரிய மீன் ஃப்ரீசர் சரக்காகவோ, தடை இல்லாத மேற்குக் கரையிலிருந்து லாரியில் ஐஸ் போட்டு வந்ததாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அங்கே தடை ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது. மே மாதம் தொண்டியில் சாப்பிட்ட வஞ்சிரம் உங்களைவிட நீண்ட பயணம் செய்து வந்திருக்கக்கூடும்.

தடை இல்லாத மாதங்களிலும் பாக் நீரிணையில் ஒரு கணக்கு உண்டு. விசைப்படகுகள் வாரம் முழுவதும் போவதில்லை. திங்கள், புதன், சனி கிளம்பி மறுநாள் காலை கரை சேரும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில்தான் சரக்கு நிறைய இறங்கும். இறங்கியதும் ஏலம். நல்ல நண்டையும் பெரிய இறாலையும் ஏற்றுமதிக்கு வாங்குகிறவர்கள் முதலில் எடுத்துக்கொள்வார்கள். ஹோட்டல்காரர் அந்த ஏலத்தில் நிற்கிறாரா, வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமாக வாங்கி அடைத்து வைக்கிறாரா என்பதுதான் உங்கள் இலைக்கு வருவதைத் தீர்மானிக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க உட்காரும் முன் ஒரு கேள்வி போதும்: “இன்னைக்கு என்ன மீன் வந்துச்சு?” மெனு அட்டையில் இருக்கிற பன்னிரண்டையும் சப்ளையர் வரிசையாக ஒப்பித்தால் அது ஃப்ரீசர் கடை. “விளமீனும் பாறையும்தான் இருக்கு, வஞ்சிரம் இல்லை” என்றால் அங்கே தயங்காமல் உட்காரலாம். இல்லை என்று சொல்லத் தெரிந்த ஹோட்டலில்தான் இருப்பது நன்றாக இருக்கும். மீனைக் காட்டச் சொல்லிக் கேட்பதும் தவறில்லை. கண் புடைத்துத் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பா, விரலால் அழுத்திய பள்ளம் உடனே எழும்புகிறதா என்று பார்க்க அரை நிமிடம் ஆகாது.

நண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் அதிகம் ஏமாந்தது அதில்தான். நம் பக்கத்துக் கடலில் அதிகம் பிடிபடுவது நீல நண்டு. சேற்று நண்டைப் போலக் கட்டிப்போட்டு நாலைந்து நாள் உயிரோடு இதை வைத்திருக்க முடியாது. கரைக்கு வந்த சிறிது நேரத்தில் செத்துவிடும். செத்ததும் அதன் வயிற்றுச் சுரப்பியில் இருக்கும் செரிமான நொதிகள் சுற்றியுள்ள சதையையே கரைக்கத் தொடங்கும். உடனே ஐஸில் புதைத்தால் வேகம் குறையும். ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால் சதை நாராக நிற்காது, கூழாகிவிடும். உங்களுக்கு வழிந்தது அதுதான். எத்தனை நேரம் வேகவைத்தாலும் அந்தக் கூழ் இறுகாது. அதோடு அடித்த வாடை, மூக்கைத் துளைக்கிற நவச்சார வாடையாக இருந்தால், சதை அழுக ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அதைச் சாப்பிடக் கூடாது, மசாலாவை வழித்துவிட்டுக்கூட.

சில நண்டுகள் வாடை இல்லாமலே உள்ளே காலியாக இருக்கும். அது வேறு விஷயம். நண்டு வளர்வதற்காக ஓட்டைக் கழற்றிவிட்டுப் புது ஓடு போட்டுக்கொள்ளும். அந்தச் சமயத்தில் பிடிபட்டால் பெரிய ஓட்டுக்குள் கொஞ்சம் சதையும் மீதி தண்ணீருமாக இருக்கும். கையில் எடுத்தால் உருவத்துக்குத் தகுந்த கனம் இருக்காது. அடிப்பக்கம் கால் தொடங்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும். சதைப்பிடிப்பான நண்டு அழுத்தினால் கல்லாக நிற்கும். தேவகோட்டையில் வாங்கும்போதும் இதே சோதனைதான்.

‘செட்டிநாடு’ என்று மெனுவில் போட்டிருந்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீட்டு நண்டு மசாலாவில் சோம்பும் மிளகும் தேங்காயும் அரைத்து, சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில் வதக்கி, நண்டைப் போட்டுப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இறக்கிவிடுவோம். நண்டின் இனிப்பு நாக்குக்குத் தெரியும். நெடுஞ்சாலையிலும் கடற்கரையிலும் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் காலையில் செய்து வைத்த ஒரே சிவப்புக் கிரேவி. கோழிக்கும் அதுதான், காளானுக்கும் அதுதான், நண்டுக்கும் அதுதான். பட்டை, கிராம்பு, கலர்ப்பொடி தூக்கலாக இருந்தால் கவிச்சியும் தெரியாது, பழைய சரக்கும் தெரியாது. முன்பின் தெரியாத ஹோட்டலில் மசாலா குறைந்த பண்டமாகக் கேளுங்கள். நண்டு மிளகு ரசமோ, மஞ்சளும் மிளகும் பூண்டும் மட்டும் போட்டு வேகவைத்த நண்டோ சொல்லிப் பாருங்கள். “அது வராதுங்க” என்றால் நண்டையே விட்டுவிடலாம்.

வஞ்சிரம் மேலே கருகி உள்ளே மரத்தூளாக இருந்ததற்குக் காரணம் ஒன்றல்ல, மூன்று நான்கு சேர்ந்தது. வீட்டு ஃப்ரீசரிலும் சாதாரண ஹோட்டல் ஃப்ரீசரிலும் மீன் மெதுவாக உறைகிறது. மெதுவாக உறைந்தால் ஐஸ் துகள் பெரிதாக வளர்ந்து சதையின் இழைகளைக் கிழிக்கும். எடுத்துக் கரைய வைத்ததும் சாறு முழுவதும் தண்ணீராக வடிந்துவிடும். அடுத்து, முந்தின நாள் இரவே உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்த மசாலாவில் ஊறப்போடுவார்கள். உப்பு மிச்ச நீரையும் இழுக்கும், புளிப்பு சதையை வெளுக்கவைத்துப் பொடியாக்கும். மீன் துண்டுக்கு இருபது நிமிடம், அதிகம் போனால் அரை மணி நேரம் ஊறினால் தாராளம். மூன்றாவது, காலை பதினொரு மணிக்கே அரைவேக்காடாக வறுத்து அடுக்கி வைத்துவிட்டு, ஆர்டர் வந்ததும் மறுபடி எண்ணெயில் போடுவது. மேலே ஒட்டிய மசாலா இரண்டாம் முறை கருகும். உள்ளே இருக்கும் சதை இரண்டாம் முறை காயும். அரை அங்குலத் துண்டு காய்ந்த கல்லில் பக்கத்துக்கு நாலு நிமிடம், ஒரே ஒரு தடவை திருப்பிப் போட்டால் போதும்; நடுமுள்ளை ஒட்டிய சதை சிவப்பு மாறி வெள்ளையாகி, முள்ளைவிட்டுக் கழன்று வரும். எண்ணெய் கறுத்துக் கசந்தாலும் இதே நிறம் வரும். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகும் போலார் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் விதி இருக்கிறது. நாக்கு அதைக் கருவி இல்லாமலே கண்டுபிடிக்கும். வறுவலைச் சாப்பிட்ட பிறகு தொண்டையில் ஒரு கரகரப்பு நிற்கும்.

கணவாய்க்கு விதி எளிது. நல்ல சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் அல்லது சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். இடையில் நிறுத்தினால் ரப்பர். கூட்ட நேரத்தில் கணவாயைக் கல்லோரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு வேறு ஆர்டரைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் அது அப்படித்தான் ஆகும்.

இனி அந்த ஐம்பது நிமிடம். இதில் ஹோட்டல்காரர் பக்கம் தப்பு பாதி; அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மீதிப் பாதியைத் தவிர்க்கலாம். இப்படிப்பட்ட ஹோட்டல்களில் மீனுக்கென்று இருப்பது ஒரே ஒரு கல்லாகத்தான் இருக்கும். ஒரு ஈட்டுக்கு எட்டுத் துண்டு போடலாம், ஓர் ஈடு எடுக்க எட்டிலிருந்து பத்து நிமிடம். ஞாயிறு ஒன்றரை மணிக்குப் பத்து மேசை நிரம்பியிருந்து மேசைக்கு ஆறு துண்டு கேட்டால் அறுபது துண்டு, எட்டு ஈடு, ஒரு மணி நேரத்துக்கு மேல். மாஸ்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கல் பெரிதாகாது. அவசரத்தில் அரைவேக்காட்டு வறுவல் வழக்கத்துக்கு வருவதும், தீயைக் கூட்டிக் கருகவிடுவதும் இதனால்தான். ஒன்பது வகை சொல்லும்போது கல், கடாய், அடுப்பு மூன்றிலும் உங்கள் மேசை தனித்தனியாக வரிசையில் நிற்கிறது. முதலில் தயாராவது காத்திருந்து ஆறுகிறது.

பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். பதினோரு பேருக்கு வறுவல் ஒரே வகை, தொக்கு அல்லது மசாலா ஒரே வகை, மீதி குழம்புச் சாப்பாடு என்று சொன்னால் கல்லில் ஒன்றரை ஈட்டில் வேலை முடியும். “வறுவல் தயாரானதும் சோறு போடுங்க” என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மேசையை அமர்த்தி வைக்கச் சோற்றை முதலில் கொண்டுவந்து வைப்பதுதான் வழக்கம். இன்னொன்று, கடலைப் பார்த்த திறந்தவெளி மேசை. மதியத்தில் கடற்காற்று ஏறிவிடும். அந்த ஈரக்காற்றில் அப்பளம் பத்து நிமிடத்தில் நமுக்கும், தட்டில் இருக்கும் வறுவல் பேச்சு முடிவதற்குள் ஆறும். உள்ளே சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, காபிக்குக் கடலோரம் போய் உட்காருங்கள்.

குறையைச் சொல்லும் விதத்தில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறோம். கூச்சத்தில் பாதி சாப்பிட்டுவிட்டு, பில் வந்த பிறகு கோபப்படுகிறோம். அப்போது தட்டு காலி. ஹோட்டல்காரருக்குப் பதில் சொல்ல வசதி. தட்டு வந்த முதல் ஐந்து நிமிடம்தான் உங்கள் நேரம். இரண்டு வாய், அதற்கு மேல் வேண்டாம். சப்ளையரிடம் வாதாட வேண்டாம். சமையலறைக்குப் போன ஆர்டரை ரத்து செய்யும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. “எல்லாரும் சாப்பிடுறாங்களே” என்று அவர் சொன்னது, அவர் கையில் வேறு வழி இல்லாததால்தான். மேனேஜரை மேசைக்கு வரச் சொல்லுங்கள். “சாப்பாடு சரியில்லை” என்று பொதுவாகச் சொன்னால் அவர் சிரித்து மழுப்பிவிடுவார். “இந்த நண்டில் வாடை அடிக்கிறது, நீங்களே முகர்ந்து பாருங்கள், பில்லில் எடுத்துவிடுங்கள்” என்று தட்டைக் காட்டிச் சொன்னால் மழுப்ப முடியாது. வாடை அடித்ததையும் பூச்சி, முடி விழுந்ததையும் மாற்றித்தரச் சொல்லாமல் பில்லிலிருந்தே நீக்கச் சொல்லுங்கள்; அதே சட்டியிலிருந்து இன்னொரு கரண்டி வந்தால் என்ன பயன்? வேகாதது, ஆறிப்போனது, கணவாய் மாதிரி பதம் தப்பியது இவற்றை மறுபடி செய்துதரக் கேட்கலாம். காரம் கூட, உப்பு மட்டு என்பதெல்லாம் ருசி; அதைச் சொல்லலாம், காசைத் திரும்பக் கேட்க முடியாது. சொல்லும்போதே கைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

பில்லில் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது சர்வீஸ் சார்ஜ். ஹோட்டல்கள் அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. விருப்பப்பட்டவர் கொடுக்கலாம், கட்டாயம் கிடையாது. உங்கள் 6,000 ரூபாய்க்குப் பத்து சதவீதம் 600. அதோடு நிற்பதில்லை. ஜி.எஸ்.டி. அந்த 600-க்கும் சேர்த்துத்தான் போடப்பட்டிருக்கும். 5 சதவீத வரியானால் இன்னொரு 30. மொத்தம் 630 ரூபாய். அடுத்த முறை கல்லாவில் அமைதியாக, “சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் போடுங்க” என்று சொல்லுங்கள். டிப்ஸ் கொடுக்க நினைத்தால் பரிமாறியவர் கையில் நேராகக் கொடுங்கள்.

ஜி.எஸ்.டி. விகிதத்தையும் பாருங்கள். சாதாரண உணவகத்துக்கு 5 சதவீதம். தங்கும் அறை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாடகை வாங்கும் விடுதிக்குள் இருக்கும் உணவகத்துக்குத்தான் 18.

தண்ணீர் பாட்டிலில் மட்டும் சண்டை போட வேண்டாம். ஹோட்டலில் உட்கார்ந்து குடிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. பாட்டிலைத் திறக்கும் முன்னால் விலை கேளுங்கள், அல்லது சாதாரணத் தண்ணீர் கேளுங்கள்.

புகாரை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாடையடித்த நண்டும் சின்னாத்தாவின் அரிப்பும் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு. 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படம், பில், தேதி, நேரம், என்ன நடந்தது என்று நாலு வரி அனுப்பினால் போதும். ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் இருப்பது சிவகங்கை மாவட்டம், தொண்டி இருப்பது ராமநாதபுரம் மாவட்டம். நேரில் மனுக் கொடுப்பதானால் ஹோட்டல் இருக்கும் மாவட்டத்தின் உணவுப் பாதுகாப்புத் துறை நியமன அலுவலரிடம்தான் கொடுக்க வேண்டும். பில்லில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்று போட்டு 14 இலக்க எண் இருக்கும்; ஹோட்டலின் உணவுப் பாதுகாப்பு உரிம எண் அல்லது பதிவு எண் அது. 2022 ஜனவரி முதல் அது கட்டாயம். அந்த எண்ணைப் புகாரில் எழுதினால் எந்தக் கடை என்று தேட வேண்டியிருக்காது. எண்ணே இல்லை என்றால் அதையும் புகாரில் சேருங்கள். சாப்பிட்டுப் பல நாள் ஆகிவிட்டதால் அன்றைய நண்டை இனிப் பரிசோதிக்க முடியாது. ஆனாலும் அதிகாரி போய் ஃப்ரீசரையும் எண்ணெயையும் பார்ப்பார்.

சர்வீஸ் சார்ஜுக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் பதிந்தாலே ஹோட்டலுக்குத் தகவல் போகும். இந்த அளவுத் தொகை அங்கேயே தீர வாய்ப்பு உண்டு. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை இருக்கும் வழக்குக்குக் கட்டணம் இல்லை; இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 630 ரூபாய்க்காக அதுவரை போவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஐம்பது நிமிடக் காத்திருப்புக்கும் கருகிய வறுவலுக்கும் இந்த இரண்டு இடத்திலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பதை முன்னமே சொல்லிவிடுகிறேன்.

இனி அப்பச்சியின் விசேஷம். முன்பணத்தை இப்போதே திரும்பக் கேட்க வேண்டாம். ஆவணியில் தடைக்காலம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும், சரக்கு இருக்கும். முப்பது பேருக்கு ஒரே மாதிரி சமைப்பது, ஒன்பது வகை ஆர்டரைவிட அவர்களுக்குச் சுலபம். ஆனால் மேனேஜரிடம் நேரில் போய் உட்கார்ந்து பேச வேண்டும். போனில் வேண்டாம்.

விருந்துத் தேதியை ஞாயிற்றுக்கிழமையாக வையுங்கள். சனிக்கிழமை போன படகு அன்று காலை வந்துவிடும். ஞாயிறு கூட்டம் அதிகம் என்பதால் பதினொன்றே முக்காலுக்கே முதல் பந்தி என்று பேசிக்கொள்ளுங்கள். ஒரே பந்தியில் முப்பது இலை போடச் சொல்லாதீர்கள். முப்பது துண்டு நாலு ஈடு, கடைசி இலைக்கு வறுவல் வரும்போது முதல் இலையில் மோர் போயிருக்கும். பதினைந்து பதினைந்தாக இரண்டு பந்தி என்றால் எல்லாருக்கும் சூடாகக் கிடைக்கும். புரட்டாசி பிறந்துவிட்டால் பாதிப் பேர் மீன் தொடமாட்டார்கள், ஆகவே தேதி தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘மீன் வறுவல்’ என்று மட்டும் எழுதிக்கொண்டால் இலையில் எவ்வளவு பெரிய துண்டு விழும் என்று யாருக்கும் தெரியாது. எடை எழுத வேண்டும். வறுவலுக்கு ஆளுக்கு ஒரு துண்டு, பச்சையாக 110 கிராம். முப்பது பேருக்கு 3.3 கிலோ. தலை, வால், குடல் போனால் கால் பங்குக்கு மேல் கழியும், ஆகவே முழு மீனாக நாலரை முதல் ஐந்து கிலோ. குழம்புக்கு விளமீன் அல்லது பாறை, ஆளுக்கு 80 கிராம் துண்டு. இறால் தொக்குக்கு உரித்த இறால் ஆளுக்கு 60 கிராம், மொத்தம் 1.8 கிலோ, தலையும் ஓடும் சேர்த்து வாங்கும்போது மூன்று மூன்றரைக் கிலோ. இறாலின் முதுகு நரம்பை எடுக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எடுக்க மாட்டார்கள். நண்டை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. முப்பது பேருக்கு முப்பது நல்ல நண்டு, அதாவது ஐந்தாறு கிலோ, ஒரே நாளில் ஒரே தரத்தில் கிடைப்பது கடினம். வயதானவர்கள் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து உடைத்துச் சாப்பிடவும் வசதிப்படாது. அந்தக் காசில் வறுவலை ஆளுக்கு ஒன்றரைத் துண்டாக்குங்கள். சைவம் சாப்பிடுகிறவர் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லி, அவர்களுக்குக் கரண்டி, வாளி, பரிமாறுகிற ஆள் மூன்றும் தனியாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

இவற்றோடு இலை ஒன்றுக்கு விலை, ஜி.எஸ்.டி. உள்ளேயா வெளியேயா, சர்வீஸ் சார்ஜ் கிடையாது, சொன்ன மீன் வராவிட்டால் அதற்குப் பதில் எது, கொடுத்த முன்பணம் 5,000 என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஹோட்டல் முத்திரையோடு மேனேஜர் கையெழுத்து வாங்குங்கள். விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னால் நீங்களும் இன்னொருவரும் மட்டும் போய், அதே வறுவலையும் குழம்பையும் சாப்பிட்டுப் பாருங்கள். குழம்பில் கிடக்கும் மீனைப் பிட்டால் உள்ளே உப்பும் புளியும் ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் வெளிறி இருந்தால், தனியாக வேகவைத்த துண்டைக் கடைசியில் குழம்பில் போட்டிருக்கிறார்கள். குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு பச்சை மீனைப் போட்டு ஏழெட்டு நிமிடம் சின்னத் தீயில் வைக்க வேண்டும் என்று மாஸ்டரிடமே சொல்லிவிட்டு வாருங்கள்.

எடையை எழுதித்தர முடியாது, காலையில் வந்த மீனைக் காட்ட முடியாது என்று மேனேஜர் சொன்னால், அன்றே முன்பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதிக் கொடுத்து, அதன் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அதற்கு மாற்று உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஞாயிறு விடியற்காலை ஒருவர் தொண்டிக்குப் போய், ஏலத்தில் எடுத்த மீனைக் கிலோவுக்குக் கிலோ ஐஸ் வைத்துப் பெட்டியில் கொண்டுவந்தால் எட்டு மணிக்குள் தேவகோட்டை வந்துவிடலாம். விசேஷ வீடுகளுக்குச் சமைக்கும் ஆட்கள் இரண்டு பேர், இரண்டு பெரிய கல், வீட்டு வளவிலேயே இலை. பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை வைக்கச் சொல்லுங்கள். கரைந்த தண்ணீரில் மீன் மிதந்தால் ஐஸ் வைத்த பலனே போய்விடும்.